கடலாமை நடை (சென்னை)

கடலாமை நடை அல்லது ஆமை நடை என்பது, பங்குனி ஆமைகள் முட்டையிடும் பருவத்தில், பயிற்சி பெற்ற தன்னார்வலர்களின் வழிகாட்டலில் இரவு நேரத்தில் கடலோரமாக நடந்து, ஆமைத் தடங்களையும் முட்டைக் குழிகளையும் தேடிக் காக்கும் பணி ஆகும். சென்னையில் இது 1970களின் தொடக்கத்தில் தோன்றியது. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு என்னும் தன்னார்வ அமைப்பு இதனை நடத்தி வருகிறது. பறவை நோக்கல் போன்ற பிற இயற்கை நடைகளில் கண்டு, இனம் அறிந்து, குறித்துக்கொள்வதே பங்கேற்பாளரின் வேலையாகும். ஆமை நடையில் அதற்கு மேலும் ஒரு வேலை உண்டு. கண்டுபிடிக்கப்படும் குழியில் உள்ள முட்டைகள் அன்றிரவே எடுக்கப்பட்டு, பாதுகாப்பான பொரிப்பகத்திற்குக் கொண்டுசெல்லப்படுகின்றன. கண்ணில் படாமல் போகும் குழி பெரும்பாலும் நாய்களுக்கு இரையாகிறது; அதிலிருந்து குஞ்சுகள் வெளிவந்தாலும் அவை நகரின் விளக்கொளியால் வழிதவறுகின்றன.

பங்குனி ஆமை

உலகில் ஏழு வகைக் கடலாமைகள் உள்ளன. அவற்றுள் பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, தோணி ஆமை ஆகிய ஐந்தும் இந்தியக் கடல்களில் காணப்படுகின்றன. சென்னைக் கரையில் முட்டையிடுவது பெரும்பாலும் பங்குனி ஆமையே. பங்குனி மாதத்தையொட்டிய பருவத்தில் கரையேறுவதால் இப்பெயர் வழங்குகிறது. ஆங்கிலத்தில் இது ஆலிவ் ரிட்லி எனப்படும். முதுகோட்டின் பசுமை கலந்த சாம்பல் நிறமே 'ஆலிவ்' என்னும் அடைக்குக் காரணம்.

கடலாமைகளுள் சிறியவற்றுள் ஒன்றான இதன் முதுகோடு ஏறத்தாழ 60 முதல் 70 செ.மீ. நீளமும், உடல் ஏறத்தாழ 35 முதல் 50 கி.கி. எடையும் கொண்டது. நண்டு, இறால், நத்தை, இழுதுமீன் (சொறிமீன்) முதலியவற்றை உண்ணும். வாழ்நாள் முழுவதையும் கடலில் கழித்தாலும் இது நுரையீரலால் மூச்சுவிடும் ஊர்வனவே. எனவே மூச்சுக்காக நீர்ப்பரப்பிற்கு வந்தே ஆகவேண்டும். முட்டையிடக் கரைக்கு வந்தே ஆகவேண்டும். இதற்கு நேரும் இடர்களுள் பெரும்பாலானவை இவ்விரு தேவைகளை ஒட்டியே அமைகின்றன.

இந்தியாவின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதலாம் அட்டவணையில் கடலாமைகள் இடம்பெற்றுள்ளன. ஆமையைப் பிடிப்பதும், கொல்வதும், முட்டைகளை எடுப்பதும் விற்பதும் குற்றமாகும்.

ஒடிசாவின் ககிர்மாதா, ருசிகுல்யா கடற்கரைகளில் பங்குனி ஆமைகள் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் கரையேறி முட்டையிடுகின்றன. இந்நிகழ்வு 'அர்ரிபாடா' எனப்படும். 'வருகை' எனப் பொருள்படும் எசுப்பானியச் சொல் இது. தமிழ்நாட்டுக் கரையில் இவ்வாறு நிகழ்வதில்லை. இங்கு ஆமைகள் தனித்தனியே, வெவ்வேறு இரவுகளில், வெவ்வேறு இடங்களில் கரையேறுகின்றன. ஆகவே ஓரிடத்தில் காவல் வைத்து அவற்றைக் காக்க இயலாது. கரை முழுவதும் நடந்து தேடவேண்டியுள்ளது. ஆமை நடை என்னும் முறை தோன்றியதற்கு இதுவே அடிப்படை.

வரலாறு

1970களின் தொடக்கத்தில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்தோர், ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால், நகருக்குத் தெற்கே உள்ள கடற்கரையில் இரவு நடைகளைத் தொடங்கினர். அக்காலத்தில் இக்கரையில் இடப்பட்ட முட்டைகள் உணவுக்காகத் தோண்டி எடுக்கப்பட்டு விற்கப்பட்டன. முட்டை எடுப்போருக்கு முன்பாகக் குழியைக் கண்டடைவதே அன்றைய நடையின் நோக்கமாக இருந்தது. எடுக்கப்பட்ட முட்டைகளைப் பொரிக்கவைக்கச் சிறு பொரிப்பகம் ஒன்றும் அமைக்கப்பட்டது.

இந்நடைகளில் பங்கேற்றவர்களுள் குறிப்பிடத்தக்கவர் சதீஷ் பாஸ்கர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் படிக்க வந்த இவர், கடலின் மீது கொண்ட ஈடுபாட்டால் பாம்புப் பண்ணையில் சேர்ந்தார். பின்னர் இந்தியக் கடற்கரைகளிலும் இலட்சத்தீவு, அந்தமான் நிக்கோபார் தீவுகளிலும் பெரும்பாலும் கால்நடையாகவே சென்று, ஆமைகள் முட்டையிடும் இடங்களைக் கணக்கெடுத்தார். இந்தியக் கடலாமைகள் பற்றிய தொடக்ககாலத் தரவுகளில் பெரும்பகுதி இவரது நடைகளால் கிடைத்தவை. இவர் 2023-இல் காலமானார். இவரது வாழ்க்கையை அடிப்படையாகக் கொண்ட 'டர்ட்டில் வாக்கர்' என்னும் ஆவணப்படம் 2024-இல் வெளியானது.

பாம்புப் பண்ணையைத் தொடர்ந்து மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும், தமிழ்நாடு வனத்துறையும் சென்னையை ஒட்டிய கரையில் பொரிப்பகங்களை நடத்தின. 1988-இல் கல்லூரி மாணவர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பைத் தொடங்கினர். பின்னாளில் கடலாமை ஆய்வாளராக அறியப்பட்ட கார்த்திக் சங்கர் இதனைத் தொடங்கியவர்களுள் ஒருவர். இவ்வமைப்பு ஊதியம் பெறும் பணியாளர்களைச் சார்ந்ததன்று. ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும் மாணவர்கள், முந்தைய ஆண்டுகளில் நடந்தவர்களிடம் பணியைக் கற்றுக்கொள்கின்றனர். படிப்பு முடிந்து வேலைக்குச் சென்ற பின்னும் பலர் பருவந்தோறும் திரும்ப வருகின்றனர்.

2002-இல் தொடங்கப்பட்ட ட்ரீ பவுண்டேசன் என்னும் அமைப்பு, மீனவ இளைஞர்களுக்குப் பயிற்சியளித்து, கடலாமைப் பாதுகாவலர்களாக அவர்களை ஈடுபடுத்தி வருகிறது. தமிழ்நாடு வனத்துறையும் பருவந்தோறும் பொரிப்பகங்களை நடத்துகிறது.

நடைபெறும் இடமும் காலமும்

பொதுமக்கள் கலந்துகொள்ளும் நடை, நீலாங்கரையில் தொடங்கி பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாக வடக்கு நோக்கிச் சென்று பெசன்ட் நகர்க் கடற்கரையில் முடிவடைகிறது. இதன் தொலைவு ஏறத்தாழ 7 கி.மீ. ஆகும். மெரினாப் பகுதியிலும் தன்னார்வலர்கள் பின்னர் நடக்கத் தொடங்கினர்.

முட்டையிடும் பருவம் பொதுவாக சனவரியில் தொடங்கி மார்ச் அல்லது ஏப்ரல் வரை நீடிக்கும். குஞ்சுகள் மார்ச் முதல் மே வரை வெளிவருகின்றன. பருவத்தில் தன்னார்வலர்கள் ஒவ்வோர் இரவும் நடக்கின்றனர். வார இறுதி இரவுகளில் மாணவர்களும் பொதுமக்களும் அவர்களுடன் சேர்ந்து நடக்கின்றனர். நள்ளிரவையொட்டித் தொடங்கும் நடை, விடியலுக்குச் சற்று முன்னரே முடிவதுண்டு. கரையோரம் குடியிருப்புகள் பெருகியுள்ள இப்பகுதியில், ஆள் நடமாட்டம் அடங்கிய பின்னரே ஆமைகள் அமைதியாகக் கரையேற முடியும் என்பது இந்நேரத்திற்குக் காரணம்.

ஆமை முட்டையிடும் முறை

நடையில் பங்கேற்போர் தேடுவது எது என்பதை அறிய, ஆமை கரையில் என்ன செய்கிறது என்பதை அறிதல் வேண்டும்.

கரையேறும் பெண் ஆமை, அலைகள் எட்டாத உயரத்திற்கு ஊர்ந்து செல்கிறது. அங்கு மேல்மணலை ஒதுக்கிவிட்டு, பின்துடுப்புகளை மாறிமாறிப் பயன்படுத்தி, ஏறத்தாழ 45 செ.மீ. ஆழமுள்ள குழியைத் தோண்டுகிறது. குடத்தைப் போன்று வாய் குறுகி அடி அகன்றிருக்கும் இக்குழியில் பெரும்பாலும் 100 முதல் 120 வரையான முட்டைகளை இடுகிறது. முட்டைகள் மேசைப்பந்தின் அளவில், வெள்ளையாக, தோல் போன்ற மெல்லிய ஓடு உடையனவாக இருக்கும். பின்னர் குழியை மூடி, தன் உடலை இருபுறமும் மாற்றிமாற்றி மணலில் அடித்து இறுக்குகிறது. சுற்றிலும் மணலை வாரி இறைத்துக் குழியின் இடத்தை மறைத்துவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. இவை அனைத்தும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகின்றன. தாய் ஆமை பின்னர் முட்டைகளைப் பார்க்க வருவதில்லை.

முட்டையிடும் ஆமையின் கண்களில் நீர் வடிவதைக் காணலாம். அது வலியால் அழுவதாகப் பலர் எண்ணுவர். உண்மையில், உடலில் சேரும் மிகுதியான உப்பைக் கண்ணருகே உள்ள சுரப்பிகள் வெளியேற்றுவதே இந்நீராகும்.

நடை நடத்தப்படும் முறை

நடைக்கு முன் வழிகாட்டுவோர், கடலாமைகளின் வாழ்க்கை பற்றியும் நடையில் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு பற்றியும் சுருக்கமாக விளக்குகின்றனர். பின்னர் பயிற்சி பெற்றவர்கள் முன்னே செல்ல, மற்றவர்கள் பின்தொடர்கின்றனர்.

முன்னே செல்வோர் முதலில் தேடுவது ஆமையை அன்று, தடத்தையே. பங்குனி ஆமை தன் துடுப்புகளை மாறிமாறி எடுத்துவைத்து ஊர்வதால், அதன் தடத்தில் இடப்பக்க, வலப்பக்கக் குறிகள் நேரெதிராக அமையாமல் முன்பின்னாக அமைந்திருக்கும். கடலிலிருந்து மேலேறும் தடமும் திரும்பிச் செல்லும் தடமும் சேர்ந்து காணப்பட்டால், ஆமை வந்து சென்றுவிட்டது என அறியலாம். ஒற்றைத் தடம் மட்டும் இருந்தால் ஆமை இன்னும் கரையில் இருக்கக்கூடும். அப்போது அனைவரும் நிறுத்தப்படுவர். வழிகாட்டி மட்டும் சென்று பார்த்து, ஆமை முட்டையிடத் தொடங்கிய பின்னரே மற்றவர்களைப் பின்புறமாக அழைத்துச் செல்வார். குழி தோண்டும் நிலையில் இடையூறு நேர்ந்தால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும் என்பதால் இக்கட்டுப்பாடு கடைப்பிடிக்கப்படுகிறது.

தடம் கிடைத்தாலும் குழி எளிதில் கிடைப்பதில்லை. ஆமை கலைத்துவிட்டுச் சென்ற மணற்பரப்பு அகன்று இருக்கும். குழியின் வாயோ ஒரு சாண் அளவே இருக்கும். தன்னார்வலர் மெல்லிய கோல் ஒன்றால் மணலை மெதுவாக அழுத்திப் பார்ப்பர். தோண்டப்படாத மணல் கோலைத் தடுக்கும். குழியின் மேலுள்ள மணல் இளகி வழிவிடும். அவ்விடத்தில் கோலை விட்டுவிட்டுக் கையால் தோண்டுகின்றனர். சில வேளைகளில் ஆமை முட்டையிடாமலே திரும்பியிருக்கும். அத்தகைய தடங்களும் பதிவு செய்யப்படுகின்றன.

முட்டைகள் எண்ணப்பட்டு, குழியின் ஆழமும் அகலமும் அளக்கப்பட்டு, இடமும் நேரமும் குறிக்கப்படுகின்றன. முட்டைகள் துணிப்பையில் வைத்து எடுத்துச் செல்லப்படுகின்றன. இப்பணியில் விரைவு இன்றியமையாதது. முட்டை இடப்பட்ட சில மணி நேரத்தில் கரு தன் வளர்ச்சியைத் தொடர்ந்து, ஓட்டின் உட்சவ்வோடு ஒட்டிக்கொள்ளத் தொடங்குகிறது. அதன் பின்னர் முட்டையைப் புரட்டினாலோ குலுக்கினாலோ கரு இறந்துவிடக்கூடும். மறுநாள் பகலில் எடுத்துக்கொள்ளலாம் என விட்டுவைக்க இயலாது என்பதால்தான் நடை இரவிலேயே நடத்தப்படுகிறது.

கரையில் இறந்து ஒதுங்கிக் கிடக்கும் ஆமைகளும் அளந்து பதிவு செய்யப்படுகின்றன. பல இரவுகளில் உயிருள்ள ஆமை ஒன்றையும் காணாமல், இறந்தவற்றை மட்டுமே கண்டு நடை முடிவதும் உண்டு. பங்கேற்போருக்கு இது முன்கூட்டியே தெரிவிக்கப்படுகிறது.

பொரிப்பகம்

பொரிப்பகம் என்பது கடற்கரையிலேயே வேலியிட்டு அமைக்கப்படும் மணற்பரப்பு ஆகும். ஆமை தோண்டிய குழியின் ஆழத்திலும் வடிவத்திலும் இங்குக் கையால் குழி தோண்டி முட்டைகள் புதைக்கப்படுகின்றன. ஒவ்வொரு குழிக்கும் எண்ணும் நாளும் குறித்த அடையாளம் நடப்படுகிறது.

குஞ்சுகள் வெளிவர 45 முதல் 60 நாட்கள் ஆகும். வெப்பம் மிகுந்தால் இக்காலம் குறையும். கடலாமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் வெப்பமே முடிவு செய்கிறது. ஏறத்தாழ 29 பாகை செல்சியசையொட்டிய வெப்பநிலையில் இருபாலும் கலந்து தோன்றும். அதனினும் வெப்பம் மிகுந்தால் பெண் குஞ்சுகளும், குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகத் தோன்றும். எனவே பொரிப்பகத்திற்கு இடம் தேர்வதும் நிழல் அமைப்பதும் குஞ்சுகளின் பால் விகிதத்தைப் பாதிக்கக்கூடியவை.

பொரிக்கும் நாள் நெருங்கியதும் குழியின் மேல் கூடை ஒன்று வைக்கப்படுகிறது. குஞ்சுகள் தனித்தனியே வெளிவராமல், உள்ளிருக்கும் மணலைச் சேர்ந்து கிளறி, கூட்டமாக மேலேறுகின்றன. அவை எண்ணப்பட்டு, கடலுக்குச் சற்றுத் தொலைவில் மணலில் விடப்படுகின்றன. நேரடியாக நீரில் விடாமல் மணலில் நடக்கவிடுவது வழக்கம். பெண் ஆமைகள் வளர்ந்தபின் தாம் பிறந்த கரைப்பகுதிக்கே திரும்புவதால், தொடக்கத்தில் பெறும் இவ்வனுபவத்திற்குப் பங்கு இருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

விளக்கொளியின் பாதிப்பு

இயற்கையான கரையில், இரவில் கடல்சார்ந்த அடிவானமே ஒளி மிகுந்தது. நிலப்பக்கம் மணல்மேடுகளாலும் மரங்களாலும் இருண்டிருக்கும். மணலிலிருந்து வெளிவரும் குஞ்சு ஒளிமிகுந்த பக்கத்தை நோக்கிச் செல்லும் இயல்புடையது. நகரக் கரையில் இந்நிலை தலைகீழாகிவிடுகிறது. தெருவிளக்குகளும், கட்டடங்களின் விளக்குகளும் கடலைவிட ஒளிர்வதால், குஞ்சுகள் நிலத்தை நோக்கி நகர்ந்து, சாலையில் நசுங்கியும் நாய், காகம் முதலியவற்றுக்கு இரையாகியும் வெயிலில் வறண்டும் இறக்கின்றன. பருவ காலத்தில் கடற்கரை விளக்குகளை இரவில் அணைக்குமாறு தன்னார்வலர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருகின்றனர்.

பங்கேற்போர் கடைப்பிடிக்க வேண்டியவை

* கைவிளக்கு, கைப்பேசி விளக்கு, ஒளிப்படக் கருவியின் மின்னொளி ஆகியவற்றைப் பயன்படுத்தலாகாது. தேவை நேர்ந்தால் வழிகாட்டி மங்கிய சிவப்பு ஒளியைப் பயன்படுத்துவார்.
* அடர்நிற உடை அணிதல் நல்லது. உரத்த பேச்சைத் தவிர்க்கவேண்டும்.
* ஆமையின் முன்பக்கம் செல்லலாகாது, தொடலாகாது.
* தடத்தை மிதித்துக் கலைக்கலாகாது. கலைந்த தடத்திலிருந்து குழியைக் கண்டறிவது கடினம்.
* வழிகாட்டியின்றித் தாமாக முட்டைகளைத் தோண்டி எடுத்தல் சட்டப்படி குற்றமாகும். குழியையோ வழிதவறிய குஞ்சுகளையோ கண்டால் வனத்துறைக்கோ தன்னார்வ அமைப்புகளுக்கோ தெரிவிக்க வேண்டும்.
* ஏறத்தாழ 7 கி.மீ. மணலில் நடக்க வேண்டியிருப்பதால், நடக்க இயலாதோரும் சிறு குழந்தைகளும் தவிர்ப்பது நல்லது. குடிநீர் கொண்டுசெல்ல வேண்டும்.

கருத்து வேறுபாடுகள்

முட்டைகளை இடம் மாற்றிப் பொரிக்கவைப்பது எப்போதும் சிறந்த வழி அன்று என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. கையாளும்போது சில கருக்கள் இறக்கக்கூடும்; பொரிப்பகத்தின் வெப்பநிலை இயற்கையான குழியின் வெப்பநிலையிலிருந்து மாறுபடலாம்; பல குழிகள் ஒரே இடத்தில் இருப்பதால் நோய்த்தொற்றோ கடல்சீற்றமோ ஏற்பட்டால் அனைத்தும் ஒருசேர அழியலாம். ஆகவே வாய்ப்புள்ள கரைகளில் குழியை இருந்த இடத்திலேயே விட்டுக் காப்பதே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. நாய்களும் விளக்குகளும் மிகுந்த சென்னைக் கரையில் இது பெரும்பாலும் இயலாததால், பொரிப்பகம் வேறுவழியற்ற ஏற்பாடாகத் தொடர்கிறது. இக்கரையில் பொரிப்பகம் தேவைப்படாத நிலையை உருவாக்க, முட்டைகளை மாற்றுவதைவிட விளக்குகளையும் குப்பையையும் குறைப்பதே அடிப்படைத் தீர்வாகும்.

நடையின் எல்லை

ஆமை நடை முட்டைகளையும் குஞ்சுகளையும் காக்கிறது. ஆனால் முதிர்ந்த ஆமைகளுக்குப் பேரிடர் கடலில் உள்ளது. முட்டையிடும் பருவத்தில் ஆமைகள் கரையை ஒட்டிய நீரில் கூடுகின்றன. அதே நீரில் விசைப்படகுகள் இழுவைமடி கொண்டு மீன்பிடிக்கும்போது ஆமைகள் அகப்படுகின்றன. வலை நெடுநேரம் நீருக்கடியில் இழுக்கப்படுவதால் அவை மூச்சுவிட மேலே வர முடியாமல் இறக்கின்றன.

2025 சனவரியில் சென்னையிலும் அதனை ஒட்டிய மாவட்டங்களிலும் பங்குனி ஆமைகள் பெருமளவில் இறந்து கரை ஒதுங்கின. நூற்றுக்கணக்கில் தொடங்கிய எண்ணிக்கை ஆயிரத்தைக் கடந்ததாகச் செய்திகள் வெளியாயின. மூச்சுத்திணறலே இறப்புக்குக் காரணம் என உடற்கூறாய்வுகள் சுட்டின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இதனைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. கரையிலிருந்து 5 கடல்மைல் தொலைவுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கலாகாது என்னும் விதி ஏற்கெனவே இருந்தும் முறையாகப் பின்பற்றப்படவில்லை என்பது அப்போது பரவலாகப் பேசப்பட்டது.

இதற்குத் தொழில்நுட்பத் தீர்வு ஒன்று உண்டு. ஆமை விலக்குக் கருவி என்பது இழுவைமடியின் கழுத்துப் பகுதியில் சாய்வாகப் பொருத்தப்படும் கம்பித் தட்டி ஆகும். இறாலும் மீனும் கம்பிகளின் இடைவெளி வழியே வலையின் அடிப்பைக்குச் செல்லும். ஆமை தட்டியில் மோதி, அருகிலுள்ள திறப்பின் வழியே வெளியேறும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இந்தியச் சூழலுக்கு ஏற்ற வடிவத்தை உருவாக்கியுள்ளது. பிடித்த மீனில் ஒரு பகுதி திறப்பின் வழியே தப்பிவிடும் என்பதால் படகு உரிமையாளர்கள் பலர் இதனை விரும்புவதில்லை. இக்கருவி பயன்படுத்தப்படாததைக் காரணம் காட்டி, இந்தியக் கடலில் பிடிக்கப்படும் இறாலின் இறக்குமதிக்கு ஐக்கிய அமெரிக்கா 2019-இல் தடை விதித்தது. ஆமைகளின் இறப்பு மீனவர்களின் வருவாயையும் பாதிப்பதை இது காட்டுகிறது.

ஒரு குஞ்சு முதிர்ந்து முட்டையிடத் திரும்ப பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம். குஞ்சுகளுள் மிகச் சிலவே அந்நிலையை எட்டுகின்றன; ஆயிரத்தில் ஒன்று எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. ஆகவே வலையில் இறக்கும் ஒரு தாய் ஆமையின் இழப்பை ஈடுசெய்யப் பல பொரிப்பகக் குழிகள் தேவைப்படும். கரையில் நடப்பதால் மட்டும் இவ்வினத்தைக் காத்துவிட முடியாது என்பதை நடையை நடத்துவோரே பங்கேற்போருக்கு எடுத்துரைக்கின்றனர்.

முக்கியத்துவம்

ஆமை நடையின் பயன் கடலில் விடப்பட்ட குஞ்சுகளின் எண்ணிக்கையோடு முடிவதன்று. 1988 முதல் பருவந்தோறும் ஒரே கரைப்பகுதியில் எடுக்கப்பட்டுவரும் பதிவுகள், எந்த ஆண்டு எத்தனை குழிகள் கிடைத்தன, எத்தனை ஆமைகள் இறந்து ஒதுங்கின என்பவற்றை ஒப்பிட உதவுகின்றன. இறந்த ஆமைகள் திடீரெனப் பெருகும்போது அதனைப் பெருக்கம் என்று உறுதியாகக் கூற, முந்தைய ஆண்டுகளின் எண்ணிக்கை தேவை. அதனை இரவுதோறும் நடந்து எண்ணியவர்களே தந்துள்ளனர். நகரத்தில் வளர்ந்த மாணவர்கள் பலர், தம் ஊர்க் கடலில் ஆமைகள் வாழ்வதை முதன்முதலில் நேரில் அறிவதும் இந்நடையில்தான்.

மகாராட்டிரத்தின் வேளாசு கிராமத்தில், ஆமைக் குஞ்சுகள் கடலுக்குச் செல்வதைக் காணவரும் பயணிகளுக்கு ஊர்மக்களே தங்குமிடமும் உணவும் அளித்து, அதனால் வருவாய் ஈட்டுகின்றனர். தமிழ்நாட்டில் கோடியக்கரை, நாகப்பட்டினம் முதலிய இடங்களிலும் வனத்துறை பொரிப்பகங்களை நடத்திவருகிறது.